அரசாங்கத் தகவல் கேட்டா லைப்ரரில சரியான பதில் கிடைக்குமா? அமெரிக்க டெபாசிட்டரி லைப்ரரிகள் பத்தி ஒரு விளக்கம்

2025 ஜனவரி கடைசில அமெரிக்க மத்திய அரசோட வெப்சைட்கள்லேர்ந்து நிறைய பக்கங்கள் திடீர்னு காணாம போச்சு. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியோட பக்கங்களும் டேட்டாக்களும் அதுல அடக்கம், சிலது கோர்ட் உத்தரவு போட்டதுக்கு அப்புறம் திரும்ப வந்துச்சு, சிலது வரலை. அந்த வருஷ நடுவுல தேசிய காலநிலை மதிப்பீட்டு அறிக்கைகள் இருந்த சைட்டும் இறங்கிடுச்சு. இனிமே எங்க போய்த் தேடறதுன்னு ஜனங்க கேட்டப்ப பலரும் சொன்ன பதில், பக்கத்துல இருக்கிற டெபாசிட்டரி லைப்ரரிக்குப் போங்க, அங்க லைப்ரரியன் உதவி பண்ணுவாங்கன்னு.

அந்த லைப்ரரின்னா என்ன, அங்க கேட்டா கிடைக்கிற பதில் எவ்வளவு தூரம் நம்பகமானது, இதை யாராவது அளந்து பாத்திருக்காங்களா? அளந்திருக்காங்க, அரை நூற்றாண்டுக்கு மேல. வந்த ரிசல்ட் கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும். ஆனா அதைவிட முக்கியம், தப்பு எங்க நடக்குதுன்னு அந்த ஆராய்ச்சிகள் காட்டினது. அதை நாம பெரும்பாலும் தப்பான இடத்துல தேடிட்டு இருக்கோம்னு நினைக்கிறேன், அதனால அடிப்படைலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

டெபாசிட்டரி லைப்ரரின்னா என்ன

அமெரிக்க அரசு அச்சடிக்கிற சட்டங்கள், நாடாளுமன்ற விசாரணைகள், துறை அறிக்கைகள், புள்ளிவிவரங்கள் எல்லாத்தையும் தேர்ந்தெடுத்த லைப்ரரிகளுக்கு இலவசமா அனுப்பி வைக்கிற ஏற்பாடு 19-ம் நூற்றாண்டுலேர்ந்தே இருக்கு. 1895ல வந்த அச்சுச் சட்டம் அதை ஒழுங்கா கட்டமைச்சது, 1962ல வந்த சட்டம் இப்ப இருக்கிற வடிவத்தைக் கொடுத்துச்சு. இதை நடத்துறது ஜிபிஓன்னு சொல்ற அரசு வெளியீட்டு அலுவலகம் (2014 வரைக்கும் அது பேரு அரசு அச்சக அலுவலகம்). இன்னைக்கு சுமார் 1,100 லைப்ரரிகள் இதுல இருக்கு, யுனிவர்சிட்டி லைப்ரரி, பப்ளிக் லைப்ரரி, சட்டக் கல்லூரி லைப்ரரின்னு பல வகை.

இதுல ரெண்டு தரம். ரீஜனல்னு சொல்றவங்க வர்றதை எல்லாம் வாங்கி நிரந்தரமா வெச்சுக்கணும், ஒரு மாநிலத்துக்கு அதிகபட்சம் ரெண்டு. மீதிப் பேரு செலக்டிவ், தங்களுக்கு வேணும்கிறதை மட்டும் வாங்கலாம், அஞ்சு வருஷம் வெச்சிருந்துட்டு ரீஜனலோட அனுமதியோட கழிச்சுடலாம்.

பொருளை இலவசமா வாங்கறதுக்கு பதிலா லைப்ரரி ஒத்துக்கற முக்கியமான நிபந்தனை, பொதுஜனம் யார் வந்தாலும் காசு வாங்காம பயன்படுத்த விடணும். தனியார் யுனிவர்சிட்டியா இருந்தாலும் அதே தான். ஆனா அலமாரில புத்தகம் இருக்கிறது ஒண்ணு, உள்ள வர்ற ஆளுக்கு வேண்டிய ஒரு வரி அதுலேர்ந்து கைக்குக் கிடைக்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவதுக்குத் தான் ரெஃபரன்ஸ் சர்வீஸ்னு பேரு. கேள்வியோட வர்றவருக்கு பதிலையோ, பதில் இருக்கிற இடத்தையோ கண்டுபிடிச்சுத் தர்ற வேலை. சென்னை பல்கலைக்கழக நூலகரா இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல வெச்ச அஞ்சு விதிகள்ல நாலாவது, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னு சொல்லுது. லைப்ரரியோட மைய வேலையே ரெஃபரன்ஸ் தான்னு கடைசி வரைக்கும் அழுத்திச் சொன்னவர் அவர்.

அரசாங்கக் கேள்வி ஏன் இவ்வளவு கஷ்டம்

ஒரு நதியோட நீளம், ஒரு எழுத்தாளரோட பிறந்த வருஷம், இதெல்லாம் கேட்டா பதில் ஒண்ணு தான். அரசாங்கக் கேள்வி அப்படி இல்ல. கலிபோர்னியால ஒரு லைப்ரரிக்குள்ள ஒருத்தர் வந்து "குறைந்தபட்சக் கூலி எவ்வளவு"ன்னு கேக்கறார்னு வெச்சுக்கோங்க. இந்த சின்னக் கேள்விக்கு எத்தனை பதில் இருக்குன்னு பாருங்க:

1. மத்திய அரசு நிர்ணயிச்சது மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைலேர்ந்து மாறவே இல்ல.
2. டிப்ஸ் வாங்கற வேலைன்னா மத்திய சட்டப்படி முதலாளி நேரடியா கொடுக்க வேண்டியது 2.13 டாலர், அது 1991லேர்ந்து அப்படியே நிக்குது. ஆனா கலிபோர்னியால இந்த சலுகை கிடையாது, அங்க டிப்ஸ் தனி, கூலி தனி.
3. கலிபோர்னியா மாநிலக் கூலி 2025ல 16.50, 2026 ஜனவரிலேர்ந்து 16.90.
4. பெரிய செயின் ஃபாஸ்ட்ஃபுட் கடைல வேலைன்னா 2024 ஏப்ரல்லேர்ந்து 20 டாலர்.
5. இதுக்கு மேல சில சிட்டிகள் தங்களோட எல்லைக்குள்ள தனி ரேட் வெச்சிருக்கு.

கவுன்ட்டர்ல இருக்கிறவர் 7.25னு சொன்னா அது பொய் இல்ல, நல்ல அரசு சைட்லேர்ந்து எடுத்தது தான், ஆனா கேட்டவர் பர்கர் கடைல வேலை பாக்கறவரா இருந்தா அவருக்கு அது முழுத் தப்பு. இதுல மோசமான விஷயம், அது தப்புன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. லைப்ரரில சொன்னாங்களேன்னு நம்பிட்டுப் போயிடுவார், முதலாளிகிட்ட கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டுடுவார். தப்பான பதில் கொடுத்ததும் புகாரா திரும்பி வராது. அதனால லைப்ரரியும் தன்னோட சர்வீஸ் நல்லாத் தான் போகுதுன்னு நினைச்சுக்கும்.

எந்த எல்லை, எந்த தேதி, எந்த வகை ஆளு – இந்த மூணும் தெரியாம அரசாங்கக் கேள்விக்கு பதில் சொல்லவே முடியாது.

இதுக்கு மேல ஒரே விஷயம் பல அடுக்குல எழுதப்பட்டிருக்கும். "சட்டம் என்ன சொல்லுது"ன்னு ஒருத்தர் கேட்டா அவர் தேடறது இதுல எது வேணா இருக்கலாம்: இன்னும் பாஸ் ஆகாத மசோதா, பாஸ் ஆகி நம்பர் போட்ட பொதுச் சட்டம், வருஷ வரிசைல சட்டங்களைக் கட்டி வெச்ச தொகுப்பு, தலைப்பு வாரியா பிரிச்சு திருத்தங்களைச் சேர்த்து வெச்ச யுஎஸ் கோட், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒரு துறை போட்ட விதி. விதின்னா அது முதல்ல ஃபெடரல் ரெஜிஸ்டர்ங்கிற தினசரி அரசிதழ்ல வரும், அப்புறம் 50 தலைப்புல இருக்கிற விதித் தொகுப்புக்குள்ள போகும். அந்த அச்சுத் தொகுப்பு ஒரே நாள்ல புதுசாகறது இல்ல, வருஷத்துக்கு நாலு தவணையா பிரிச்சு புதுப்பிக்கறாங்க, அதனால ஒரே அலமாரில இருக்கிற ரெண்டு வால்யூம்ல ஒண்ணு ஜனவரி நிலவரம், இன்னொண்ணு போன அக்டோபர் நிலவரம்னு இருக்கலாம். தினமும் புதுப்பிக்கிற ஆன்லைன் வடிவம் தனியா இருக்கு, ஆனா அது இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத் தான் அதால பிரயோஜனம்.

இது சாதாரண ஆளுக்கு மட்டும் குழப்பம்னு நினைக்காதீங்க. ஃபெடரல் ரெஜிஸ்டரே பிறந்தது இப்படி ஒரு குழப்பத்துல தான். 1930கள்ல எண்ணெய் உற்பத்தியைக் கட்டுப்படுத்துற விதியை மீறினதா போட்ட கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, அங்க போன பிறகு தான் தெரிஞ்சது, எந்தப் பிரிவை வெச்சு கேஸ் போட்டாங்களோ அந்தப் பிரிவு ஒரு திருத்தத்துல தவறுதலா விடுபட்டு அமல்லயே இல்லாம இருந்ததுன்னு. அரசு வக்கீல்களுக்கே தங்களோட விதி உயிரோட இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு இடம் இல்ல. அந்தத் தீர்ப்பு வந்த 1935லயே சட்டம் போட்டாங்க, 1936ல ரெஜிஸ்டர் வெளிவர ஆரம்பிச்சது.

சில நேரம் சரியான பதிலே "அப்படி ஒண்ணு இல்ல"ங்கிறது தான். 2025 அக்டோபர் மாச நுகர்வோர் விலைக் குறியீடு என்னன்னு யாராவது கேட்டா, அந்த மாசம் முழுக்க அரசாங்கமே மூடிக் கிடந்ததால விலை சேகரிக்க ஆளு போகலை, அதனால தொழிலாளர் புள்ளிவிவரத் துறை அந்த மாச அறிக்கையையே ரத்து பண்ணிடுச்சு. இது தெரியாத ஆளு செப்டம்பர் நம்பரையோ நவம்பர் நம்பரையோ எடுத்துக் கொடுத்துடுவார், வாங்கிட்டுப் போறவர் அதை வெச்சு வாடகை ஒப்பந்தத்துல கணக்கு போட்டுடுவார்.

சரியான பதில் எத்தனைன்னு எப்படி அளந்தாங்க

லைப்ரரிகள் தங்களைப் பத்தி வழக்கமா வெச்சிருக்கிற கணக்கு எண்ணிக்கை தான்: இன்னைக்கு இத்தனை பேரு வந்தாங்க, இத்தனை கேள்வி கேட்டாங்க. அதுல பதில் சரியான்னு எங்கயும் தெரியாது. வாசகர்கிட்ட சர்வே எடுத்தாலும் பிரயோஜனம் குறைவு, சிரிச்ச முகத்தோட தப்பான பதில் கொடுத்தாலும் ரொம்ப திருப்தின்னு தான் எழுதுவாங்க.

அதனால ஆராய்ச்சியாளர்கள் கையில எடுத்த முறை தெரியாம சோதிக்கிறது. பதில் முன்னாடியே தெரிஞ்ச கேள்விகளைத் தயார் பண்ணிட்டு, ஆட்களைச் சாதாரண வாசகர் மாதிரி அனுப்பி, இல்லன்னா போன்ல கேக்க வெச்சு, வந்த பதிலைச் சரிபாக்கறது. டெஸ்டுன்னு தெரிஞ்சா யாரும் கூடுதலா முயற்சி பண்ணுவாங்க, அதனால ஊழியருக்குச் சொல்றதில்ல. இது நியாயமாங்கிற கேள்வி அப்பவே வந்துச்சு, தனி ஆளைக் குறிவெச்சு பயன்படுத்தினா நிச்சயமா நியாயம் இல்ல, லைப்ரரியோட மொத்த நிலைமையைப் பாக்க மட்டும்னா ஒத்துக்கலாம்னு பலரும் நினைச்சாங்க.

1960களோட கடைசில டெரன்ஸ் க்ரௌலி நியூஜெர்சி பப்ளிக் லைப்ரரிகள்ல இதைச் செஞ்சார், சரியான பதில் 54% கிட்ட வந்துச்சு. அதுக்கப்புறம் வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்க செஞ்சாலும் நம்பர் அந்தப் பக்கமே சுத்திட்டு இருந்துச்சு. 1986ல பீட்டர் ஹெர்னனும் சார்லஸ் மெக்ளூரும் இதுக்கு 55 சதவீத விதின்னு பேரே வெச்சுட்டாங்க.

அதே ரெண்டு பேரு 1983ல வெளியிட்ட ஆராய்ச்சி தான் நம்ம விஷயத்துக்கு நேரா வருது. அரசு ஆவணங்களுக்குன்னே இருக்கிற டெபாசிட்டரிகள்ல, அதுவும் 17 கல்வி நிறுவன லைப்ரரிகள்ல, 20 கேள்விகளோட போனாங்க. சரியான பதில் வந்தது 37% தான். சாதாரணக் கேள்விக்கு பாதிக்குக் கொஞ்சம் மேல சரியா சொல்ற இடத்துல, ஸ்பெஷலிஸ்ட் கவுன்ட்டர் இருக்கிற விஷயத்துல அதைவிடக் கீழ போச்சு. 1990களோட கடைசில கனடால யூரிஸ் திலெவ்கோவும் எலிசபெத் டோலனும் அரசு ஆவணக் கேள்விகளை வெச்சு நாடு முழுக்க பாத்தப்பவும் முழு பதில், அரைகுறை பதில் ரெண்டையும் சேர்த்தா கூட பாதியைத் தொடலை.

இந்த நம்பரை அப்படியே எடுத்துக்கலாமா

முழுசா எடுத்துக்க முடியாது, அதுக்குக் காரணங்கள் இருக்கு.

டெஸ்டுக்குத் தயார் பண்ற கேள்விகள் கொஞ்சம் கஷ்டமாத் தான் இருக்கும், எல்லாரும் சரியா சொல்லிட்டா டெஸ்டால பிரயோஜனம் இல்லையே. ஆக 55ங்கிறது லைப்ரரியோட அன்றாட வேலையில பாதி தப்புன்னு அர்த்தம் ஆகாது. ஆண்ட்ரூ ஹப்பர்ட்ஸ் 2005ல இதைத் தான் விரிவா வாதிட்டார்: இந்த முறைல ஒரு லைப்ரரியையும் இன்னொண்ணையும் ஒப்பிடலாம், ஆனா ஒட்டுமொத்த தரம் இவ்வளவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

2002ல மேத்யூ சாக்ஸ்டனும் ஜான் ரிச்சர்ட்சனும் தெற்கு கலிபோர்னியால ஜனங்க உண்மையிலேயே கேட்ட 9,274 கேள்விகளை எடுத்து அலசினாங்க. அதுல 90% அளவுக்கு வாசகரை சரியான மூலத்துக்கோ சரியான தேடும் வழிக்கோ அனுப்பியிருந்தாங்க. ஆனா கவனிங்க, இங்க அளவுகோல் மாறிடுச்சு. சரியான இடத்தைக் காட்டினா பாஸ். அரசாங்கக் கேள்வில இடத்தைக் காட்டறது மட்டும் போதுமாங்கிறதுல எனக்குப் பெரிய சந்தேகம். விதித் தொகுப்பு இருக்கிற அலமாரியைக் காட்டினா அது சரியான இடம் தான், ஆனா அதுல இருக்கிறது போன அக்டோபர் நிலவரம்னு சொல்லலைன்னா கேட்டவர் தப்பான பதிலோட தான் வெளில போவார்.

ஜோன் டூரன்ஸ் 1989ல வேற மாதிரி கேட்டாங்க: இதே லைப்ரரியன்கிட்ட திரும்ப வருவீங்களா? மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற அளவு பேரு தான் வருவோம்னாங்க.  கவுன்ட்டர்ல இருந்தவர் லைப்ரரியனா இல்ல வேற ஊழியரான்னே பலருக்குத் தெரியலை.

நான் இதுலேர்ந்து எடுத்துக்கிறது இது தான்: 37ங்கிற நம்பரைப் பிடிச்சுட்டு சண்டை போடறதுல அர்த்தம் இல்ல. ஆனா எந்த வழியா அளந்தாலும் கணிசமான பேரு வெறுங்கையோடயோ தப்பான பதிலோடயோ போறாங்க, அரசாங்கக் கேள்வில அது கூலி, வரி, குடியுரிமை, வீடுன்னு நேரா வாழ்க்கையைத் தொடுது.

தப்பு எங்க நடக்குது

இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதி இது தான். பதில் தப்பானா முதல்ல நமக்குத் தோணறது புத்தகம் பத்தலை, பட்ஜெட் பத்தலை, ஆள் பத்தலைன்னு. மேரிலாந்து மாநிலம் 1980கள்ல இதைத் துல்லியமா பாத்துச்சு. ரால்ஃப் கெர்ஸும் லில்லி சீவர்டும் 60 லைப்ரரிகள்ல ஒவ்வொண்ணுலயும் 40 கேள்வின்னு மொத்தம் 2,400 கேள்வி கேக்க வெச்சாங்க. சரியான பதில் 55%. அதோட நிறுத்தலை, எந்த லைப்ரரில சரியா சொல்றாங்க, எதுல தப்பா சொல்றாங்கன்னு காரணம் தேடினாங்க. லைப்ரரி எவ்வளவு பெருசு, புத்தகம் எவ்வளவுங்கிறதுக்கும் பதில் சரியா இருக்கிறதுக்கும் பெரிய தொடர்பு தெரியலை. ஊழியர் கவுன்ட்டர்ல எப்படி நடந்துக்கறார்ங்கிறதுக்குத் தான் தொடர்பு இருந்துச்சு. கேள்வியைத் திருப்பிச் சொல்லிச் சரிபாக்கறது, தெளிவுக்காக இன்னொரு கேள்வி கேக்கறது, எந்த மூலத்துலேர்ந்து எடுத்தேன்னு சொல்றது. அதுலயும் எல்லாத்தையும் விட அதிக பலன் கொடுத்தது கடைசில கேக்கற ஒரே ஒரு வாக்கியம்: "உங்க கேள்விக்கு இது முழுசா பதில் ஆச்சா?"

இதுக்குப் பணம் ஒரு பைசா வேண்டாம். பயிற்சி கொடுத்த இடங்கள்ல சரியான பதில் நல்லாவே ஏறிச்சு. அமெரிக்க நூலகச் சங்கத்தோட ரெஃபரன்ஸ் பிரிவு 1996ல முதல்முறையா போட்ட நடத்தை வழிகாட்டிலயும் இந்தக் கடைசிப் படி தனியா இடம் பிடிச்சது.

ஏன் ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பலம்னா, ஜனங்க தங்களோட உண்மையான கேள்வியை முதல்ல கேக்கறதே இல்ல. ராபர்ட் டெய்லர் 1968ல இதை நாலு நிலையா பிரிச்சுக் காட்டினார்: மனசுல வார்த்தை இல்லாம இருக்கிற குறை, அது கொஞ்சம் நினைப்பா உருவாகறது, வாக்கியமா ஆகறது, கடைசில இந்த லைப்ரரில என்ன கிடைக்கும்னு தானே யூகிச்சு அதுக்கு ஏத்த மாதிரி வளைச்சு கேக்கறது. கவுன்ட்டருக்கு வந்து சேர்றது இந்த நாலாவது தான். "ஜனத்தொகைக் கணக்கு புத்தகம் எங்க இருக்கு"ன்னு கேக்கறவருக்கு உண்மைல வேண்டியது, தன்னோட ஏரியால தமிழோ ஸ்பானிஷோ வீட்டுல பேசறவங்க எத்தனை பேருன்னா, 2020 சென்சஸைக் காட்டினா வேலைக்கு ஆகாது. பத்து வருஷத்துக்கு ஒருதரம் நடக்கற அந்த சென்சஸ்ல மொழி பத்தின கேள்வியே கிடையாது. அது ஒவ்வொரு வருஷமும் சாம்பிள் எடுக்கற அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேல தான் இருக்கு, அதுவும் மதிப்பீடு, கூடக் குறைய எவ்வளவு இருக்கலாம்னு பக்கத்துலயே போட்டிருப்பாங்க, சின்ன ஏரியான்னா அந்த இடைவெளி ரொம்பப் பெருசா இருக்கும். எதுக்காகத் தேடறீங்கன்னு பண்பா ஒரு கேள்வி கேட்டிருந்தா ஆரம்பத்துலயே சரியான இடத்துக்குப் போயிருக்கலாம்.

இன்னொரு ஓட்டை, தெரியலைன்னா அனுப்பி வைக்காம விடறது. ஹெர்னன், மெக்ளூர் ஆராய்ச்சில பதில் தெரியாத ஊழியர்கள்ல நிறைய பேரு வேற இடத்துக்குக் கைகாட்டாம அங்கயே பேச்சை முடிச்சுட்டாங்க. டெபாசிட்டரி அமைப்பே ஒருத்தரை ஒருத்தர் தாங்கறதுக்காகக் கட்டினது. செலக்டிவ்ல இல்லாதது ரீஜனல்ல இருக்கும். அந்த போன் காலைப் போடலைன்னா பக்கத்து ஊர்ல இருக்கிற முழு சேகரிப்பும் இந்த வாசகருக்கு இல்லாத மாதிரி தான்.

எல்லாம் ஆன்லைன் வந்த பிறகு

1993ல போட்ட சட்டப்படி ஜிபிஓ 1994ல ஆன்லைன்ல ஆவணங்களைக் கொடுக்க ஆரம்பிச்சது, அதோட இன்றைய வாரிசு கவ்இன்ஃபோங்கிற சைட். இப்ப புதுசா வர்ற வெளியீடுகள்ல பெரும்பகுதி டிஜிட்டல் தான். இனிமே யாருக்கும் லைப்ரரியன் உதவி தேவைப்படாதுன்னு பலரும் நினைச்சு, பல லைப்ரரிகள்ல அரசு ஆவணங்களுக்குன்னு இருந்த தனி கவுன்ட்டரை பொது ரெஃபரன்ஸ் டெஸ்கோட சேர்த்துட்டாங்க, அந்த வேலைல ஊறின ஆளுங்க ரிட்டயர் ஆனப்ப அந்த அறிவும் அவங்களோட போச்சு.

அதே நேரத்துல கருவிகளும் ஒண்ணொண்ணா போச்சு. 1878லேர்ந்து வருஷா வருஷம் வந்த அரசுப் புள்ளிவிவரச் சுருக்கம் ஒரு லைப்ரரியனுக்கு வலது கை மாதிரி, எந்த நம்பர் கேட்டாலும் முதல்ல அதைத் தான் திறப்பாங்க, அட்டவணைக்குக் கீழ மூலமும் இருக்கும். சென்சஸ் பீரோ பட்ஜெட் வெட்டுல 2012 பதிப்போட அதை நிறுத்திடுச்சு, அப்புறம் ஒரு தனியார் கம்பெனி எடுத்து விலைக்கு விக்குது. சென்சஸ் டேட்டா தேடற பழைய சைட்டை 2020ல மூடிட்டு புதுசு கொண்டுவந்தாங்க, பழசுல பழகினவங்க திரும்ப முதல்லேர்ந்து கத்துக்க வேண்டியதா போச்சு.

கேள்விகளும் மாறிடுச்சு. அரசு அலுவலகங்கள் தங்களோட கவுன்ட்டரைக் குறைச்சுட்டு அப்ளிகேஷனை ஆன்லைன்ல போடுன்னு சொல்லும்போது, கம்ப்யூட்டர் இல்லாதவங்க வந்து நிக்கறது லைப்ரரில தான். 2005 கத்ரீனா புயலுக்கு அப்புறம் நிவாரண விண்ணப்பம், வருஷா வருஷம் வரி ஃபாரம், 2013ல ஹெல்த் இன்ஷூரன்ஸ் பதிவுன்னு அது வளர்ந்துட்டே போகுது. இங்க லைப்ரரியனுக்கு ஒரு எல்லை உண்டு, எந்த ஃபாரம் எங்க இருக்குன்னு காட்டலாம், உங்க நிலைமைக்கு நீங்க எதை நிரப்பணும்னு சொன்னா அது சட்ட ஆலோசனை, வரி ஆலோசனை ஆயிடும். அந்தக் கோடு எங்க இருக்குன்னு சரியா சொல்லித் தராததால, பயந்துட்டு சில பேரு காட்ட வேண்டியதையும் காட்டாம "ஆன்லைன்ல பாருங்க"ன்னு அனுப்பிடறாங்க. அந்த வார்த்தை தான் இன்னைக்கு அதிகமா கொடுக்கப்படுற தப்பான பதில்னு நான் சொல்வேன்.

இப்ப சாட்பாட்டும் சேர்ந்துடுச்சு. 2023ல நியூயார்க்ல ஒரு விமான கம்பெனி மேல போட்ட கேஸ்ல வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனையா உருவாக்கின தீர்ப்புகளைக் கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. வக்கீலுக்கே இந்த கதின்னா சாதாரண ஆளு அதே மாதிரி இல்லாத சட்டப் பிரிவோட லைப்ரரிக்கு வர்றது ஆச்சரியம் இல்ல, இல்லாத ஒண்ணை இல்லைன்னு உறுதி பண்றதுக்கு இருக்கிறதைத் தேடறதைவிட அதிக நேரமும் அனுபவமும் வேணும்.

2025ல என்ன மாறிச்சு

பக்கங்கள் அழிஞ்சப்ப ரெஃபரன்ஸ் வேலைல ஒரு நாலாவது கேள்வி சேர்ந்துடுச்சு: எல்லை, தேதி, ஆளு மட்டும் இல்ல, எந்த நாள் எடுத்த பிரதி? ஒவ்வொரு அதிபர் பதவிக்காலம் முடியும்போதும் அரசு சைட்களைச் சேமிக்கிற எண்ட் ஆஃப் டெர்ம் ஆர்க்கைவ் 2008லேர்ந்து இருக்கு. 2025 பிப்ரவரில ஹார்வர்ட் சட்ட லைப்ரரியோட ஆய்வுக்கூடம் மத்திய அரசோட டேட்டா பட்டியலான டேட்டா.கவ் சைட்லேர்ந்து 3,11,000க்கு மேல டேட்டாசெட்களை, 16 டெராபைட் அளவுக்கு, எடுத்து வெளியிட்டாங்க. தகவல் இருக்கு. ஆனா கேட்டவர் கைல கிடைக்கிற பிரதி திருத்தத்துக்கு முந்தினதா பிந்தினதான்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு வேணும். அதோட, பல அறிக்கைகள் முதல்லேர்ந்தே ஜிபிஓ வழியா வராம துறைகள் நேரா தங்களோட சைட்ல மட்டும் போட்டது, இந்த ஆவணங்களை இந்தத் துறைல ஃப்யூஜிடிவ் (தப்பி ஓடினது)னு சொல்வாங்க. அதெல்லாம் எந்த டெபாசிட்டரி அலமாரிலயும் ஏறினதே இல்ல. அதனால "லைப்ரரிக்குப் போங்க, எல்லாம் இருக்கும்"ங்கிற பேச்சு பாதி தான் உண்மை.

ஜிபிஓ ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் டெபாசிட்டரிகள்கிட்ட சர்வே எடுக்கணும்னு சட்டமே இருக்கு. அது லைப்ரரிகள் தாங்களே நிரப்பிக் கொடுக்கறது, கவுன்ட்டர்ல சொன்ன பதில் சரியா தப்பான்னு அதுல தெரிய வழியில்ல. தனி ஆளை மாட்டி விடாம, லைப்ரரி பேரையும் வெளியிடாம, குறைஞ்சபட்சம் ரீஜனல் அளவுல கேள்வி போட்டு சோதிச்சு அதை வெச்சுப் பயிற்சி கொடுக்கறது பெரிய செலவு இல்ல, மேரிலாந்து செஞ்சு காட்டினது தான்.

கேள்வியோட போறவங்க கவனிக்க

1. எதுக்காகன்னு சேர்த்துச் சொல்லுங்க. சொந்த விவரம் எதுவும் வேண்டாம், "ஃபாஸ்ட்ஃபுட் கடை வேலை, இந்த சிட்டி, இந்த மாசம்"னு சொன்னாலே போதும்.
2. பதில் வந்ததும் இது எந்த தேதி நிலவரம்னு கேளுங்க. தேதி சொல்ல முடியலைன்னா அது இன்னும் முடிஞ்ச பதில் இல்ல.
3. மத்திய அரசா, மாநிலமா, கவுன்ட்டியா, சிட்டியான்னு கேளுங்க. மேல உள்ளது ஒண்ணு சொன்னா கீழ உள்ளது அதைவிட அதிகமா கொடுத்திருக்கலாம்.
4. மூலத்தோட பேரும் பக்கமும் எழுதி வாங்கிக்கோங்க. வக்கீல்கிட்டயோ அலுவலகத்துலயோ காட்ட வேண்டி வரும்.
5. தெரியலைன்னு சொன்னா கோவப்படாதீங்க, நேர்மையான பதில் அது. அதுக்கு அடுத்து உங்க மாநிலத்தோட ரீஜனல் டெபாசிட்டரி எதுன்னு கேளுங்க, முடிஞ்சா அவங்களையே அங்க ஒரு போன் போட்டுத் தரச் சொல்லுங்க.